‘நான் பட்ட கஷ்டம் என் பிள்ளை படக்கூடாது’: செந்தூல் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் இடைநிலைப்பள்ளிகளில் 24 ஆண்டுகள் கவுன்சலிங் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை செந்தூலில் ஒரு மண்டபத்தில் பெற்றோரைச் சந்திக்கிறேன். பாதிப் பேர் செந்தூலிலும் ஜாலான் ஈப்போவிலும் வளர்ந்தவர்கள். மீதிப் பேர் சின்ன வயதில் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து, இன்று பி.பி.ஆர். எனப்படும் அரசின் மலிவு விலை அடுக்குமாடிகளில் இருப்பவர்கள். யார் வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பிள்ளைகளை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாமே உடனே வேணும், கொஞ்சம் ஏமாற்றம்னாலும் தாங்க மாட்டேங்குறாங்க. இது உண்மையா, இல்ல எங்களுக்குத்தான் வயசாயிடுச்சா?

இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கேட்டது கிடைத்தே ஆக வேண்டும், அதற்காக நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற நினைப்பு ஒன்று. விழுந்தால் எழுந்து நிற்கும் தெம்பு இன்னொன்று. முதலாவது அதிகமாகவும் இரண்டாவது குறைவாகவும் ஒரே பிள்ளையிடம் இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் எதையுமே கேட்காத, வீட்டுக்கு அடங்கிய பிள்ளைகள் ஒரே நாளில் உடைந்துபோனதையும் நான் பார்த்திருக்கிறேன்.

‘எல்லாம் எனக்கு வரணும்’ என்ற நினைப்பு இந்தத் தலைமுறையில்தான் கூடிவிட்டதா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் பல ஆண்டுகளாக நிரப்பிய ஒரே கேள்வித்தாளை ஒப்பிட்டுப் பார்த்த உளவியலாளர் ஜீன் ட்வெங்கி, தற்பெருமை ஏறிக்கொண்டே போகிறது என்றார். வேறு சிலர் அதேபோன்ற தரவுகளை எடுத்து, அப்படி ஏறவில்லை என்று காட்டினார்கள். அதனால் ‘இந்தத் தலைமுறையே இப்படித்தான்’ என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை.

மனம் சோர்ந்திருப்பது மட்டும் உண்மை. நம் சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், 13 முதல் 17 வயதுவரை உள்ள மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. 32 பேர் உள்ள வகுப்பில் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரையும் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

அப்ப இந்த ‘எல்லாம் எனக்கு வரணும்’ங்கற நினைப்பு எங்கிருந்து வருது?

கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு நேரத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: ‘நான் பட்ட கஷ்டம் என் பிள்ளை படக்கூடாது.’ சொல்லும்போதே சிலருக்குக் குரல் உடைந்துவிடும். பால்மரம் வெட்டிய அம்மாவோடு விடியுமுன் எழுந்தவர்கள் அவர்கள். ஒரே சப்பாத்தைக் காலைப் பள்ளிக்கு அண்ணனும் மதியப் பள்ளிக்குத் தம்பியுமாகப் போட்டு வளர்ந்தவர்கள். அந்த வாக்கியத்தில் இருப்பது முழுக்க முழுக்க அன்பு. நானும் அதைச் சொன்னவள்தான்.

என் மகன் படிவம் 2 படித்தபோது, ஓவியப் பாடத்துக்கு வேண்டிய வண்ணப் பெட்டியை மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டான். ஓய்வு நேரத்தில் பள்ளி அலுவலகத்திலிருந்து போன் பண்ணினான். நான் என் பள்ளியில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, வீட்டுக்கு ஓடி, பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் அவன் பள்ளி வாசலில் காவலாளியிடம் கொடுத்தேன். அந்தத் தவணையில் அது நாலாவது முறை. மாலை வீட்டுக்கு வந்தவன், பையைக்கூடக் கழற்றாமல், “ஏம்மா லேட்டா கொண்டு வந்தீங்க? வாத்தியார் ஏசிட்டாரு” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் கெட்ட பிள்ளை இல்லை. மூன்று முறை நான் ஓடிப்போய்க் கொடுத்ததால் நாலாவது முறை அது என் கடமையாகிவிட்டது. மறந்தது தன் தவறு என்று அவன் நினைக்க நான் இடமே கொடுக்கவில்லை.

வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாங்கிக் கொடுத்த பொருளால் கெட்ட பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் செய்ய வேண்டியதை நாம் செய்கிறோம், அவர்கள் பட வேண்டிய சின்ன ஏமாற்றத்தை நாம் ஓடிப்போய்த் தடுக்கிறோம். உலகமும் நாளை அப்படியே ஓடிவரும் என்று அவர்கள் நம்பத் தொடங்குகிறார்கள். இருபத்திரண்டு வயதில் ஒரு சூப்பர்வைசர் ஏசும்போதுதான் அது பொய் என்று தெரிகிறது.

ஆனா கஷ்டப்பட்டு வளர்ந்த நாங்க நல்லாத்தானே இருக்கோம்? கஷ்டம்தானே எங்கள ஆளாக்குச்சு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன்.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் வேலை செய்ய வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் அங்கே நிறைய. நமக்குப் பழக்கமான கதைதான். அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வறுமை, பிரசவச் சிக்கல், ஓயாத சண்டை, குடி, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு பிறந்தவர்கள். அந்தப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ பெரிய சிக்கலில் மாட்டினார்கள். மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள்.

கஷ்டம்தான் ஆளாக்கும் என்றால் எல்லோருமே ஆளாகியிருக்க வேண்டும். நன்றாக வளர்ந்தவர்களிடம் வெர்னர் கண்ட விஷயங்களில் இரண்டை நான் மறப்பதே இல்லை. பாட்டியோ, சித்தியோ, அண்டை வீட்டுக்காரரோ, ஆசிரியரோ, கைவிடாத ஒரு பெரியவர் அவர்களுக்கு இருந்தார். இன்னொன்று, வீட்டில் அவர்களை நம்பி ஒரு பொறுப்பு இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது அவர்கள் கையில் இருந்தது.

இப்போது உங்கள் பழைய கதையை அந்தக் கண்ணோடு பாருங்கள். நீங்கள் பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வைக்காவிட்டால் அன்று வீட்டில் உலை ஏறாது. உங்களை வளர்த்தது அது. அம்மா வேலைக்காட்டில் இருக்கும்போது அடுத்த வீட்டு ஆயா கூப்பிட்டு “சாப்பிட்டியா?” என்று கேட்டாரே, அதுவும்தான். என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கை மதியம் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. நான் போகாவிட்டால் அவர் பட்டினி. எட்டு வயதில் என்னை நம்பி ஒரு மனிதர் இருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு முதுகு நிமிர்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களோடு அதே தோட்டத்தில் படித்து, குடியிலும் அடிதடியிலும் காணாமல்போனவர்களும் அதே கஷ்டத்தைத்தான் பட்டார்கள். அவர்கள் இந்த மண்டபத்துக்கு வருவதில்லை. அவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

அப்படின்னா வீட்டு வேலை கொடுத்தாப் போதுமா?

எந்த வேலையைக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ‘உன் ரூமைக் கூட்டு’ என்றால் அவன் கூட்டாவிட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. அவன் செய்யாமல் விட்டால் வீட்டில் இன்னொருவருக்குக் குறை தெரிய வேண்டும். அப்படிப்பட்ட வேலையைக் கொடுங்கள்.

ஒரு அம்மா தன் பன்னிரண்டு வயது மகனிடம், மாலை ஆறரைக்கு அரிசி களைந்து குக்கரில் போடும் பொறுப்பை ஒப்படைத்தார். மூன்றாம் நாளே மறந்துவிட்டான். வேலை முடிந்து ஏழரைக்கு வந்து மூடியைத் திறந்தால் குக்கர் காலி. எனக்குப் போன் பண்ணி, “பசியோட இருக்குதுங்க டீச்சர், கீழ போய் ரொட்டி சானாய் வாங்கிட்டு வந்துடட்டா?” என்றார். வேண்டாம், குழம்பைச் சூடு பண்ணிவிட்டு, சோறு ஆகும்வரை எல்லோரும் சேர்ந்து காத்திருங்கள், ஏசவும் வேண்டாம் என்றேன். அன்று எட்டேகாலுக்குத்தான் சாப்பிட்டார்கள். தங்கை பசியில் அழுதிருக்கிறாள். சோறு வெந்ததும் அவளுக்குத்தான் முதலில் போட்டானாம், ஆவி பறக்கிறது என்று ஊதி ஊதி. அதற்குப் பிறகு மறக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறை மறந்தான். ஆனால் அம்மா ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இந்த வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள். காசு கொடுத்தால் ‘இன்னிக்கு எனக்குக் காசு வேணாம், நான் செய்யல’ என்று சொல்ல அவனுக்கு வழி கிடைத்துவிடும்.

எஸ்.பி.எம். வருஷத்துலயுமா?

ஆமாம். பதினேழு வயதில் எழுதும் பள்ளி இறுதித் தேர்வு எஸ்.பி.எம். என்றாலும், பதினைந்து நிமிட வேலை ஒன்று போதும். எல்லா வேலையிலிருந்தும் விடுவித்துவிட்டால், அந்த வீட்டில் அவனுடைய மதிப்பு மார்க் மட்டும்தான் என்று ஆகிவிடும். அது அரிசி களைவதைவிடப் பெரிய பாரம்.

ரிசல்ட் சரியா வரலன்னா உடைஞ்சுபோயிடுறாங்களே?

2008-ல் பிறந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆறாம் ஆண்டு படித்த 2020-ல் கோவிட் காரணமாக ஆரம்பப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை. 2021-ல் அந்தத் தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள். 2022-ல் படிவம் 3-ல் எழுதும் பி.டி.3 தேர்வும் போனது. ஆக, அவர்கள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொதுத்தேர்வே எஸ்.பி.எம்.தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஒரு தேர்வை வைத்துத் தரம் பிரித்ததை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை, அதை ரத்து செய்தது நல்லதுதான். ஆனால் சின்னச் சின்னதாகத் தோற்றுப் பழக வாய்ப்பில்லாமல் பதினேழு வயதில் நேராகப் பெரிய அடி விழுகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ரிசல்ட் வந்த காலை, பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குப் பக்கத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலர் முழுக்க நனைந்திருந்தது. ஐந்து ‘ஏ’ வாங்கியிருந்தான். அவன் அப்பா வாசலில் கேக் பெட்டியோடு நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. “அப்பா எல்லார்கிட்டயும் எட்டு ‘ஏ’ன்னு சொல்லிட்டாரு டீச்சர். நான் எப்படி வெளிய போறது?” என்றான். மார்க்கைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அப்பாவின் முகம்தான் அவனுக்குப் பயம். அவர் கெட்டவர் இல்லை, மகன்மேல் உயிரையே வைத்திருந்தவர். குழந்தையிலிருந்து ‘என் பையன் கெட்டிக்காரன்’ என்று ஊரெல்லாம் சொன்னவர்.

அந்தக் ‘கெட்டிக்காரன்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு ஆய்வு உண்டு. கிளாடியா மியுல்லரும் கரோல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்டது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் சிலரை ‘நீ கெட்டிக்காரன்’ என்றும், சிலரை ‘நன்றாக முயற்சி செய்தாய்’ என்றும் பாராட்டிவிட்டு, எல்லோருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். கெட்டிக்காரர்கள் என்று பாராட்டப்பட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். எத்தனை மார்க் வாங்கினோம் என்று இன்னொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில் கூட்டிப் பொய் எழுதினார்கள். ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டால் அதைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்லத் தயாராகிவிடுகிறது.

ரிசல்ட் நாளில் வாசலில் என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள். “வா, சாப்பிடப் போவோம்.” அது போதும். அடுத்த படிப்பு மெட்ரிகுலேஷனா, எஸ்.டி.பி.எம்.-ஆ, டிப்ளமாவா என்பதை மூன்று நாள் கழித்துப் பேசலாம்.

அடியாத மாடு படியாதுன்னு சொல்வாங்க. ரோத்தான் (பிரம்பு) எடுத்தாத்தான் சரியா வருமா?

வேண்டாம். என்னிடம் வந்த பையன்களில் அதிகம் அடி வாங்கியவர்கள்தான் அதிகம் மறைத்தார்கள். அடி, மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் கற்றுக்கொடுக்கிறது. அதற்காகப் பிடியை விடச் சொல்லவில்லை. பத்து மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றால் இருக்க வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும், அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் நமக்குத் தெம்பு வேண்டும். பிள்ளையின் கோபத்தைத் தாங்க முடியாமல்தான் பாதிப் பெற்றோர் விட்டுக்கொடுக்கிறார்கள்.

கைப்பேசி வேணும்னு அடம் பிடிக்கிறா. கொஞ்சம் பொறுமைங்கறதே இல்ல.

முதலில் நம்மைக் கேட்டுக்கொள்வோம். ‘அடுத்த மாசம் வாங்கித் தரேன்’ என்று சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று?

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரின் குழு 28 சின்னப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தது, 2013-ல் வெளியானது. சில பிள்ளைகளிடம் ‘நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போய், வெறுங்கையோடு திரும்பினார்கள். மற்றவர்களுக்குச் சொன்னபடியே கொண்டு வந்தார்கள். பிறகு எல்லோர் முன்னாலும் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை வைத்து, பொறுத்திருந்தால் இரண்டு தருகிறோம் என்றார்கள். ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரி மூன்று நிமிடம் காத்திருந்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் பன்னிரண்டு நிமிடம்.

முடியாது என்றால் ‘முடியாது’ என்றே சொல்லுங்கள். அழுவாள். அழட்டும். தருகிறேன் என்று சொன்னால் சொன்ன நாளில் தாருங்கள்.

இந்தப் பசங்களுக்கு எதையுமே தாங்குற சக்தி இல்லன்னு நான் சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?

இந்தக் கேள்வியைக் கேட்ட ஐயாவிடம், தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போவீர்களா என்று கேட்டேன். வருஷம் தவறாமல் போவேன் என்றார்.

அங்கே பால்குடம் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் இருபது வயதுப் பிள்ளைகள் என்று எண்ணியிருக்கிறீர்களா? வாரக்கணக்கில் விரதம் இருந்து, தரையில் படுத்து, கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து, 272 படி ஏறுகிறார்கள். ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் இரவில், விடிய விடியத் தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றுகிறவர்களும் அவர்கள்தான். ஒரு வருஷம் எங்கள் தெருப் பையன் ஒருவன், வீட்டில் தன் தட்டைக்கூடக் கழுவாதவன், அதிகாலை மூன்று மணிக்குக் கையுறை போட்டுக்கொண்டு குப்பை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். “இருங்க ஆன்ட்டி, இந்த வரிசை முடிச்சுட்டு வரேன்” என்றான்.

சக்தி இருக்கிறது. எதற்காக என்று தெரிந்தால், கூட நாலு பேர் இருந்தால், தன்னை நம்பி ஒரு வரிசை காத்திருந்தால் அது வருகிறது. வீட்டில் அவனுக்கு இதில் எதைக் கொடுத்திருக்கிறோம் என்றுதான் நான் யோசிக்கிறேன்.

வேலைக்குப் போன மகன் ரெண்டே மாசத்துல விட்டுட்டு வந்துட்டான். மூணாவது வேலை இது.

ஏன் விட்டான் என்று ஏசாமல் கேளுங்கள். ‘முதலாளி ஏசினாரு’ என்பதும் ‘சம்பளம் தரல’ என்பதும் ஒன்றாகாது. ஓவர்டைம் காசை இழுத்தடிக்கிற, கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) கட்டாத இடத்தை விட்டு வருவது தன்மானம். தவறைச் சுட்டிக்காட்டினார்கள் என்பதற்காக வருவது வேறு. முதலாவதுக்கு நீங்கள் அவன் பக்கம் நிற்க வேண்டும். இரண்டாவதுக்கு, அடுத்த வேலை கிடைக்கும்வரை இருந்து பார் என்று சொல்ல வேண்டும்.

கணக்கையும் நேர்மையாகப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூரில் அதை வைத்துக்கொண்டு அறை வாடகை, மோட்டார் தவணை, சாப்பாடு போக எவ்வளவு மிஞ்சும்? ‘நாங்க இருபத்தஞ்சு வயசுல வீடு வாங்கினோம்’ என்று இன்றைய பையனிடம் சொல்வதில் நியாயமில்லை. வீட்டு விலை ஏறிய அளவுக்குச் சம்பளம் ஏறவில்லை. அவன் சோர்ந்துபோவதில் ஒரு பங்கு இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

அதேசமயம், இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு ஒன்பது வருஷக் கார் கடனை உங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்து, தவணையும் நீங்களே கட்டினால், வேலையை விடுவது அவனுக்குச் சுலபம். விட்டால் யாருக்கு நட்டம்? அவன் சம்பளத்திலிருந்து, சின்னத் தொகையானாலும், மாதாமாதம் வீட்டுக்கு ஒன்றை வாங்குங்கள். உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் வாங்குங்கள்.

பாட்டி ரகசியமா காசு கொடுத்துடுறாங்க. என்ன பண்றது?

பாட்டியோடு சண்டை வேண்டாம். ஒரு வீட்டில் எல்லோருமே செல்லம் கொடுப்பவர்களாக இருந்தால்தான் ஆபத்து. செல்லம் கொடுக்க ஒருவர் இருப்பது பிள்ளைக்கு நல்லது.

என் மக ரொம்ப தைரியசாலி. எதுவும் கேக்க மாட்டா, அழவே மாட்டா. அவளைப் பத்திக் கவலையே இல்ல.

எனக்குக் கவலை இருக்கிறது.

பி.பி.ஆர். வீடு ஒன்றில் மூத்த பெண். அம்மா இரண்டு வேலை, அப்பா வீட்டில் இல்லை. தம்பிகளைக் குளிப்பாட்டி, சமைத்து, பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவள் வருவாள். ஆசிரியர் அறையில் எல்லோரும் புகழ்வார்கள். படிவம் 4-ல் ஒருநாள் என் அறைக்கு வந்து, மின்விசிறி சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: “எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு டீச்சர். யாராவது என்னாச்சுன்னு கேப்பாங்களான்னு.”

பொறுப்பு வேண்டும் என்று மேலே சொன்னேன். அதன் மறுபக்கம் இது. ஒரு பிள்ளை சுமக்கும் பொறுப்புக்குப் பக்கத்தில், அவளைச் சுமக்க ஒருவர் இருக்க வேண்டும். நன்றாக வளர்ந்த கவாய்த் தீவுப் பிள்ளைகளுக்கு இரண்டும் இருந்தது. அழாத பிள்ளையிடம் நீங்களே போய் உட்காருங்கள். ‘என்ன பிரச்சினை?’ என்று கேட்க வேண்டாம், ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் வரும். சேர்ந்து வெங்காயம் உரியுங்கள். பத்து நாள் உரித்தால் பதினோராம் நாள் பேசுவாள்.

எப்ப உண்மையிலேயே பயப்படணும்? எங்க போறது?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ மாறிப்போனால், பிடித்த விஷயங்களை விட்டுவிட்டால், தனக்குப் பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், ‘நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி’ என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அதை அடம் என்றோ நடிப்பு என்றோ தள்ளிவிடாதீர்கள். நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதாம்மா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டவரிடம்தான் பிள்ளை சொல்லும்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) மருத்துவரைப் பாருங்கள், அவர் மனநல மருத்துவருக்கு அனுப்புவார். பேச ஆள் வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, இருபத்து நாலு மணி நேரமும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. வீட்டில் அடி, கொடுமை என்றால் அரசின் உதவி எண்ணான தாலியான் காசே 15999. உயிருக்கே ஆபத்து என்றால் 999.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பயத்தால் இனி எந்தப் பிள்ளையும் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

டீச்சர், எனக்கு 19 வயசு. அம்மாவோட கூட்டத்துக்கு வந்தேன். எங்க அப்பா ‘நாங்க பட்ட கஷ்டம்’னு ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் போகும். நான் ஏதாவது சொன்னா ‘உனக்கு என்ன குறை’ன்னு கேப்பாரு. அவர்கிட்ட எப்படிப் பேசுறது?

தம்பி, உன் அப்பா சொல்லும் கதைகள் எல்லாம் ஜெயித்த கதைகள். பட்டார், தாங்கினார், மேலே வந்தார். அதைக் கேட்டால் உனக்கு உன்மேலேயே வெறுப்புதான் வரும். அடுத்த முறை அவர் ஆரம்பிக்கும்போது ஒன்று கேட்டுப் பார்: “அப்பா, நீங்க தாங்க முடியாம போனது எப்ப?” எதிர்த்துக் கேட்கிற மாதிரி வேண்டாம். சாப்பிட்டு முடித்து, டிவி அணைந்த பிறகு கேள்.

இதை இவனிடம் சொல்லி இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தான். கேட்டானாம். அப்பா முதலில் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்தார். பிறகு சொல்லியிருக்கிறார். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்ட 2020-ல் அவருடைய லாரி வேலை போனது. மூன்று வாரம் வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு கீழே கார் நிறுத்துமிடத்தில் போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒருநாள் நாலாவது மாடிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், ஒரு பாக்கெட் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாராம். தினமும் வந்தாராம்.

“அந்த அங்கிள்தான் எனக்கு மோட்டார் ஓட்டக் கத்துக் கொடுத்தவரு டீச்சர்,” என்றான். “எனக்கு இது தெரியவே தெரியாது.”